தலைக்கு மேலே ஒரு பச்சைக் கோடு



இன்னைக்கு மருத்துவப் பதிவு கிடையாது. ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிய பதிவு. படிச்சு முடிக்கும்போது இது மருத்துவப் பதிவா மாறியிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை. தொழில் புத்தி அப்படி.

2000-களின் தொடக்கத்தில் பள்ளி, கல்லூரியில் படித்தவர்கள் கையைத் தூக்குங்க. தெருமுனை பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கா? மரத் தடுப்பு, ஓடாத ஏசி, ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். பாதிப் பேர் ரிசல்ட் பார்க்க வந்திருப்பாங்க. மீதிப் பேர் சண்டை போட வந்திருப்பாங்க.

நாங்க இரண்டாவது கோஷ்டி. நானும் எங்க அண்ணனும்.

விளையாட்டின் பெயர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. என்சம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1999 செப்டம்பரில் வெளியிட்டது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன்.

ஆரம்பத்தில் உங்களுக்கு ஒரு ஊர் மையம், மூணு குடியானவர்கள், வேவு பார்க்க ஒரு குதிரைக்காரன். அவ்வளவுதான். ஆட்டைப் பிடிக்கணும், மரம் வெட்டணும், தங்கமும் கல்லும் தோண்டணும். அதை வச்சு வீடு கட்டி, படை திரட்டி, இருண்ட காலத்திலிருந்து பேரரசுக் காலம் வரைக்கும் நாலு யுகம் ஏறணும். இதுக்கு நடுவுல பக்கத்து ராஜா சும்மா இருக்க மாட்டான். நீங்க பன்றி வேட்டையில மும்முரமா இருக்கும்போது அவன் ஆட்கள் வந்து உங்க குடியானவர்களை வெட்டிட்டுப் போவாங்க.

எதிரியைப் பாட்டுப் பாடியே நம்ம கட்சிக்கு இழுக்கிற 'மாங்க்' என்கிற துறவி, சாட்டில் 11 என்று அடிச்சா வர்ற சிரிப்பு, 30 அடிச்சா கேட்கிற 'வொலோலோ'. விளையாடியவர்கள் இந்த வரியைப் படிக்கும்போதே சத்தம் காதில் விழுந்திருக்கும்.

ராத்திரி எட்டு மணி தாண்டினா அப்பா கடையைப் பூட்டிட்டு நேரா பிரவுசிங் சென்டர் வாசலுக்கு வந்துடுவார். திட்ட மாட்டார். எங்களுக்குப் பின்னாடி நின்னு ஒரு நிமிஷம் திரையைப் பார்ப்பார். "யாருடா ஜெயிக்கிறது?"ன்னு ஒரே ஒரு கேள்வி. அப்புறம் சைக்கிள் பின்னாடி ஒருத்தன், முன்னாடி கம்பியில ஒருத்தன்.

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம்.

இந்த விளையாட்டுக்கு 2019 நவம்பரில் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று புதுப்பதிப்பு வந்தது. படமெல்லாம் தெளிவு, அடிப்படை அதே பழைய ஆட்டம். வாங்கி வச்சேன். தொடவே இல்லை. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்துடுச்சு. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவனுக்கு 2020, 2021 எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்லை.

2022-ல் அண்ணன்கிட்டேருந்து ஒரு மெசேஜ். "டேய் தம்பி, ராஜேந்திர சோழனை உள்ள விட்டுட்டானுங்கடா!"

உண்மைதான். அந்த வருஷம் ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற இணைப்பில் திராவிடர்கள் ஒரு தனி நாகரிகமா வந்தாங்க. ராஜேந்திர சோழனுக்குத் தனிப் போர்த்தொடர். உருமி சுழற்றும் வீரர்கள், பெரிய பெரிய போர்க்கப்பல்கள். ஜோன் ஆஃப் ஆர்க், சலாதீன், செங்கிஸ்கான், பார்பரோசான்னு ஊரான் ராஜாவுக்கெல்லாம் இருபது வருஷமா நாங்க சண்டை போட்டிருக்கோம். நம்ம ஊர் ராஜாவுக்கு ஒரு தடவை கூட வாய்ப்பு வரலை.

அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்சேன். ஒரு குடியானவனை கிளிக் பண்ணேன். தமிழ்ல பதில் சொன்னான்!

சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைச்சது. வெளிப்படையாவே சொல்றேன்.

இன்னொரு ஆச்சரியம். திரையைப் பார்க்கும் முன்னாடியே விரல் 'ஹெச்' பொத்தானுக்குப் போயிடுச்சு. ஊர் மையத்துக்குத் தாவ அந்தக் காலத்துப் பொத்தான். பதினைந்து வருஷத்துக்கு மேல் தொடாத விஷயம். பரீட்சைக்குப் படிச்சது மறந்து போகும், சைக்கிள் ஓட்டுறது மறக்காது. இந்த மாதிரி செய்முறை ஞாபகத்தில் மூளையின் அடியாழத்தில் இருக்கிற 'பேசல் கேங்க்லியா'வுக்குப் பெரிய பங்கு உண்டு. பாடத்தில் படிச்சதை என் விரலிலேயே அன்னைக்குப் பார்த்தேன்.

விரல் பழைய ஆளாத்தான் இருந்தது. கண்ணு மட்டும் டாக்டர் கண்ணா மாறிடுச்சு. அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் 'ஹிட் பாயிண்ட்' என்று ஒரு எண் உண்டு. உயிரின் அளவு என்று வச்சுக்கோங்க. குடியானவனுக்கு 25. குதிரைவீரனுக்கு 100. பாரசீக யானைக்கு 450. அடி விழ விழ எண் குறையும். பூஜ்யம் ஆனா செத்துடுவான்.

இப்போ கவனிங்க. 100 இருந்த குதிரைவீரன் 99 இழந்து 1-ல் நிற்கிறான். அவன் வாள்வீச்சு குறையுமா? குறையாது. முதல் அடி எவ்வளவு பலமோ, சாகிறதுக்கு முந்தின அடியும் அதே பலம். அதே வேகத்தில் ஓடுவான். ரத்தம் போகாது, காயம் சீழ் பிடிக்காது, காய்ச்சல் வராது. ஊர் மையத்துக்குள்ள கொஞ்ச நேரம் உட்கார வச்சா புது ஆளா வெளியே வருவான். மடாலத்தில் 'மூலிகை மருத்துவம்' ஆராய்ச்சி பண்ணிட்டா இன்னும் சீக்கிரம் தேறிடுவான்.

பதினாலு வயசில் இதெல்லாம் கண்ணிலேயே படலை. இப்போ கேஷுவாலிட்டி டியூட்டி முடிச்சுட்டு வந்து விளையாடினா வேற எதுவுமே கண்ணில் படலை!

நிஜப் போர்களில் என்ன நடந்ததுன்னு பார்ப்போமா? வேற எங்கேயும் போக வேண்டாம். இதே விளையாட்டில் வர்ற ஆட்களையே எடுத்துக்குவோம்.

அஜின்கோர்ட் போர், 1415 அக்டோபர் 25. 2000-ல் வந்த 'தி கான்கரர்ஸ்' பதிப்பில் இது ஒரு தனிக் களம். ஐந்தாம் ஹென்றியின் வில்லாளிகள் பிரெஞ்சுக் குதிரைப்படையைச் சாய்ப்பதை நாங்க எத்தனை தடவை ஆடியிருப்போம்! அந்தப் படை அதுக்கு முன்னாடி ஹார்ஃப்ளூர் என்ற ஊரை முற்றுகை போட்டு உட்கார்ந்திருந்தது. அங்கே எதிரியை விட அதிகமா அவங்களை அடிச்சது சீதபேதி. அஜின்கோர்ட்டில் நின்ன வில்லாளிகளில் பல பேர் வயித்துப்போக்கோடதான் நின்னாங்க. ஜெயிச்ச ராஜா ஐந்தாம் ஹென்றியும் 1422-ல் செத்துப் போனார். வாளால் அல்ல. சீதபேதி என்றுதான் வரலாறு சொல்லுது. நாற்பது வயசு கூட ஆகலை.

பார்பரோசா. ஜெர்மானியப் பேரரசர். சிலுவைப் போருக்குப் பெரும்படையோடு கிளம்பினவர். 1190 ஜூன் 10 அன்னைக்கு இன்றைய துருக்கியில் இருக்கிற சாலெஃப் ஆற்றைக் கடக்கும்போது தண்ணியில் மூழ்கி இறந்தார். விளையாட்டின் கடைசிக் களத்தில் அவர் உடலைப் பீப்பாயில் வச்சு ஜெருசலேமுக்குக் கொண்டு போகணும். நிஜத்தில் வினிகரில் போட்டுப் பதப்படுத்திப் பார்த்தாங்க. பலிக்கலை.

அட்டிலா. ரோமையே நடுங்க வச்ச ஹூணர்களின் தலைவன். 453-ல், கல்யாண ராத்திரியில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிச் செத்தான் என்பது பழைய குறிப்பு.

மான்டெசுமா. ஆஸ்டெக் தலைநகரத்தைக் காப்பாற்ற நாங்க விடிய விடிய கோட்டை கட்டின களம் அது. நிஜத்தில் 1520-ல் அந்த நகரத்துக்குள்ள பெரியம்மை புகுந்தது. மான்டெசுமாவுக்கு அடுத்து வந்த அரசன் குயித்லாவாக் ஆட்சிக்கு வந்து மூணு மாசம் கூட முடியும் முன்னாடி அம்மையில் இறந்தான். அந்தக் கிருமியை எந்தக் கோட்டைச் சுவர் தடுக்கும்?

இதெல்லாம் இடைக்காலத்துக் கதைன்னு நினைச்சுடாதீங்க. 1853-லிருந்து 1856 வரை நடந்த கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படையில் இறந்தவர்கள் சுமார் 21,000 பேர். களத்தில் வெட்டுப்பட்டும் குண்டடிபட்டும் இறந்தவர்களும், காயத்தால் பிறகு இறந்தவர்களும் சேர்ந்து 5,000-க்கும் குறைவு. மீதி 16,000-க்கும் மேல் நோயால் போனவர்கள். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கைத் தூக்கிட்டு நடந்த போர் இதுதான். அந்த அம்மா அதுக்கப்புறம் கையில் எடுத்த பெரிய ஆயுதம் புள்ளிவிவரம். எத்தனை பேர் எதனால் செத்தாங்கன்னு வண்ணப் படம் வரைஞ்சு அரசாங்கத்தின் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க.

விளையாட்டைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லலை. சதுரங்கத்தில் யானைக்கு வயித்துப்போக்கு வருமா என்ன? எல்லாத்தையும் உள்ளே வச்சா யாரும் விளையாட முடியாது. பொழுதைப் போக்கத்தானே போறோம்.

அதுவும் இல்லாம, விளையாட்டு நம்ம துறையை முழுசா மறந்துடவும் இல்லை. திராவிடர் நாகரிகத்துக்கு மட்டும் ஒரு சிறப்பு ஆராய்ச்சி கொடுத்திருக்காங்க. பெயர் 'மெடிக்கல் கார்ப்ஸ்', அதாவது மருத்துவப் படை. அதைச் செஞ்சா நம்ம யானைகள் காயம்பட்டாலும் தானாவே தேறி வரும்.

இதைப் பார்த்ததும் எனக்குத் திருமுக்கூடல் ஞாபகம் வந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. வெட்டிய காலம் வீரராஜேந்திரன் காலம். யார் அவர்? நாம விளையாட்டில் ஓட்டிட்டிருக்கோமே, அதே ராஜேந்திர சோழனின் மகன்.

அந்தக் கல்வெட்டில் 'வீரசோழன்' என்ற மருத்துவமனையைப் பற்றி விவரம் இருக்கு. 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை சிகிச்சை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டு வர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கப் பெண்கள், யாருக்கு எவ்வளவு சம்பளம், கையிருப்பில் என்னென்ன மருந்து. எல்லாம் கல்லில் வெட்டி வச்சிருக்காங்க. அப்பா கங்கை வரைக்கும் படை அனுப்பினார். மகன் காலத்தில் 15 படுக்கைக்குக் கணக்கு எழுதினாங்க. ஒரு அரசு மருத்துவமனை டாக்டரா கேட்டா, எனக்கு இரண்டாவதுதான் பெரிய வெற்றின்னு தோணும். பணியாளர் எண்ணிக்கை, மருந்து இருப்பு, சம்பளம்னு அதே கணக்கைத்தானே நாங்களும் தினமும் பார்க்கிறோம்!

இப்போ நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

சனிக்கிழமை ராத்திரியில் நானும் அண்ணனும் நெட்டில் சேர்ந்து விளையாட ஆரம்பிச்சோம். அவர் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வச்சிருக்கார். வயசு 42. நான் இங்கே, அவர் அங்கே, ஸ்பீக்கரில் பேச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு நாங்க மறுபடியும் பிரவுசிங் சென்டர் பசங்க.

ஆடிக்கிட்டே இருக்கும்போது ஒரு நாள் உறைச்சது. ஒரு ஹிட் பாயிண்ட் வச்சுக்கிட்டு முழு பலத்தோட சண்டை போடுற வீரன் இருக்கானே, அவன் பொய் இல்லை. அவனை நான் தினமும் ஓபியில் பார்க்கிறேன்!

வெட்டுக்காயத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனா ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ரத்த அழுத்தம் 180 இருக்கிற மனுஷன் மூட்டை தூக்குவார், பஸ் ஓட்டுவார், கல்யாணத்தில் பந்தி பரிமாறுவார். பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அந்த அழுத்தத்தை எதிர்த்துப் பம்ப் பண்ணிப் பண்ணி இதயத்தின் சுவர் தடிச்சுக்கிட்டே போகும். வெளியே தெரியாது. சிறுநீரகமும் அப்படித்தான். ஒரு கிட்னியைத் தானம் கொடுத்தவரே நல்லா நடமாடுறார் இல்லையா? அவ்வளவு உபரி சக்தியை உடம்பு வச்சிருக்கு. அதனாலதான் பாதி வேலைத்திறன் போகும் வரைக்கும் ரத்தத்தில் கிரியாட்டினின் கூட பெருசா ஏறாது. சர்க்கரை நோயும் பல பேருக்கு வருஷக்கணக்கா உள்ளே இருந்துட்டுத்தான் கண்டுபிடிக்கப்படுது.

இவ்வளவும் நடக்கும்போது அந்த மனுஷன் சொல்ற வார்த்தை ஒண்ணுதான். "எனக்கு என்ன டாக்டர்? நல்லாத்தான் இருக்கேன்."

வாள்வீச்சு குறையலை, அதனால உயிர் 100-ன்னு நினைச்சுக்கிறார். 1-ல் நிக்கிறதும் அப்படித்தான் தெரியும்.

விளையாட்டில் ஒரு வசதி உண்டு. ஆளை கிளிக் பண்ணா அவன் தலைக்கு மேலே ஒரு பச்சைக் கோடு தெரியும். இழந்த அளவு சிவப்பாக இருக்கும். பார்த்ததும் புரிஞ்சிடும், இவனைப் பின்னாடி இழுக்கணும்னு. ஆனா கிளிக் பண்ணாதான் தெரியும். பண்ணலைன்னா எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

எங்க அப்பா தலைக்கு மேலே இருந்த கோட்டை யாரும் கிளிக் பண்ணிப் பார்க்கலை.

2005. அவருக்கு 49 வயசு. மளிகைக் கடை. அரிசி மூட்டையை இறக்கி வச்சுட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு வலது கை தூக்க வரலை, பேச்சு வரலை. மூளைக்குள் ரத்தக்கசிவு. அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையா பிபி பார்த்தது அன்னைக்குத்தான். 230-க்கு 130. நாலாவது நாள் போயிட்டார். மூட்டை தூக்கின மனுஷன். ஒரு தலைவலி கூட சொன்னதில்லை.

போன பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். வீட்டில் எல்லாருக்கும் பிபி பார்த்துட்டிருந்தேன். அம்மா, அண்ணி, சித்தப்பா எல்லாம் கையை நீட்டினாங்க. அண்ணன் நழுவினார்.

"எனக்கு என்னடா வந்துச்சு? தினம் 12 மணி நேரம் லேத்துல நிக்கிறேன்."

நான் சொன்னேன். "அண்ணே, ஒரு ஹிட் பாயிண்ட் இருக்கிற குதிரைவீரனும் பத்துதான் வெட்டுவான்."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடிச்சு நீட்டினார்.

178-க்கு 110.

அஞ்சு நிமிஷம் உட்கார வச்சு மறுபடி பார்த்தேன். அடுத்த நாள் காலையிலும் பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை. மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாம் எடுத்தோம். சிறுநீரில் புரதம் கசியுது. எக்கோவில் இதயச் சுவர் தடிச்சிருக்கு. எத்தனை வருஷமா இப்படி இருந்திருக்கணும்!

நல்லவேளை, கோட்டில் இன்னும் பச்சை மிச்சம் இருந்தது. மாத்திரை ஆரம்பிச்சோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைஞ்சது. சிகரெட்டை விட்டார். அதுக்கு மட்டும் மூணு தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்தது. ஆறு மாசம் கழிச்சு 128-க்கு 82.

அந்த மாத்திரைக்கு அவர் வச்சிருக்கிற பெயர் 'மாங்க்'. விளையாட்டில் காயம்பட்டவன் பக்கத்தில் நின்னு கொஞ்சம் கொஞ்சமா குணப்படுத்துற அதே துறவி. சனிக்கிழமை ஆட்டத்துக்கு நடுவில் ஸ்பீக்கரில் அண்ணி குரல் கேட்கும். "ஏங்க, மாங்க் போட்டாச்சா?"

அந்தப் பெயர் எனக்குப் பிடிச்சிருக்கு. ஏன்னா பல பேர் செய்யிறது என்ன தெரியுமா? பிபி நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்திடுவாங்க. "அதான் சரியாயிடுச்சே டாக்டர்"ன்னு கேட்பாங்க. எதிரி இன்னும் வாசல்லதான் நிக்கிறான். துறவி பக்கத்தில் நிக்கிறதாலதான் கோடு பச்சையா இருக்கு. அவரை அனுப்பிட்டா என்ன ஆகும்னு விளையாடியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே நண்பர்களே,

30 வயசைத் தாண்டிய எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிபி, சுகர் பாருங்க. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமா பார்ப்பாங்க. மாத்திரையும் இலவசம். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறாங்க. வந்தா கதவைச் சாத்தாதீங்க.

பிபி பார்க்கும் முன்னாடி அரை மணி நேரம் டீ, காபி, சிகரெட் வேண்டாம். அஞ்சு நிமிஷம் அமைதியா உட்காருங்க. ஒரே தடவை பார்த்து பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 140-க்கு 90 என்ற அளவைத் தொடர்ந்து தாண்டினா டாக்டரைப் பாருங்க.

அப்பா, அண்ணன், சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா. "எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்"னு யார் சொல்றாங்களோ அவங்களைத்தான் முதல்ல கூட்டிட்டுப் போகணும்.

கூடவே, பழைய விளையாட்டு ஏதாவது இருந்தா எடுத்து ஒரு தடவை ஆடிப் பாருங்க. தனியா ஆடாதீங்க. அன்னைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாங்களோ அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. ஆட்டம் முடிஞ்சதும் மறக்காம, "பிபி எப்போ பார்த்தே?"ன்னு கேளுங்க.

இந்தச் சனிக்கிழமை எங்களுக்கு கடாரம். கப்பல் கட்டணும், மரம் நிறைய வேணும். அண்ணன் இப்பவே மெசேஜ் போட்டு நச்சரிக்க ஆரம்பிச்சுட்டார்.